பரணில் ஒன்றுமில்லை

அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் தன் கார் முனகுகிறது, இழுக்கிறது, இருமுகிறது என்று புலம்பினால், கேட்பவர்கள் "காதுகிட்ட காட்டினியா?" என்றுதான் கேட்பார்கள். காது என்றால் அந்தப் பட்டறைக்காரர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. வண்டி வாசலில் திரும்பும்போதே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், "வாட்டர் பம்ப் பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். இன்னும் நுணுக்கமாகக் கேட்க வேண்டியிருந்தால் அதற்கென்று முழங்கை நீளத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தார். அதன் முனையை ஓடும் எஞ்சின்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, மற்றக் கையை உயரத் தூக்குவார். கை தூக்கினால் பட்டறையில் யாரும் மூச்சுவிடக் கூடாது. வண்டிக்குச் சொந்தக்காரரே ஆனாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஒரு டாக்டர் தன் காரைக் கொண்டுவந்துவிட்டு இந்த வைபவத்தைப் பார்த்தார். வெளியே போய், "நான்கூட நோயாளியை இவ்வளவு மிரட்டறதில்ல" என்றாராம்.

வீட்டிலும் அதே அதிகாரம்தான். அவர் மனைவி மாடி அறையில் தையல் மிஷின் போட்டுத் திரைச்சீலை, மெத்தை உறை, பஞ்சு வைத்த போர்வை எல்லாம் தைத்துக் கொடுப்பவள். கல்யாணமான புதிதில் அவர் தெருவிலிருந்து உள்ளே நுழையும்போதே, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஊசி வளைஞ்சிருக்கு, மாத்து" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். அவள் ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வளைந்துதான் இருக்கும். எந்த மாதிரி மனிதருக்கு வாழ்க்கைப்பட்டோம் என்று முதலில் பயந்துபோனாள். பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிப் பெருமைப்பட்டாள்.

கொஞ்ச காலமாக அவர் அப்படிக் குரல் கொடுப்பதில்லை. ஊசி மட்டும் அவ்வப்போது வளைந்துகொண்டுதான் இருந்தது.

சுற்றி வளைப்பானேன், அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முழுதாகப் போகவில்லை. லாரி உறுமுவது, சுத்தியல் அடி, ஆண்களின் பேச்சு, தடித்த சத்தம் எல்லாம் பழையபடியே கேட்டன. கீச்சென்று வரும் மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. கேட்காத சத்தம் கேட்கவில்லை என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம், உலகத்தில் எல்லோரும் திடீரென்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான். "வாயத் தொறந்து பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று கடைக்காரரிடம் எரிந்து விழுவார். வெளியூரில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, "லைன் சரியில்லம்மா, அம்மாகிட்ட தர்றேன்" என்று நீட்டிவிடுவார். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கீச்சுக்குரல். லைன் மனைவியின் கைக்கு வந்ததும் சரியாகிவிடும்.

ஒருநாள் அடுப்பில் விசில் கெட்டிலை வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கெட்டில் கூவு கூவு என்று கூவி, தண்ணீர் வற்றி, அடி கருகிப்போனது. மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்த மனைவி அடுப்பை அணைத்தாள். "விசில் ரிப்பேர்" என்றார் அவர், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் அவரையும் கெட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள். புதுக் கெட்டில் வாங்கி வந்தாள்.

பட்டறையிலும் ஒரு சம்பவம் நடந்தது. பாட்டு டீச்சர் ஒருத்தி தன் காரைக் கொண்டுவந்தாள். பிரேக் பிடித்தால் கிறீச்சென்று சத்தம் வருகிறதாம். அவர் அதை ஓட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். "ஒரு சத்தமும் இல்லையே" என்றார். "எனக்குக் கேக்குதே சார்" என்றாள் அவள். "பாட்டு சொல்லிக்கொடுத்து சொல்லிக்கொடுத்து உங்களுக்கு எல்லாமே பாட்டாத்தான் கேக்கும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அவள் திரும்ப வரவில்லை. தான் சொன்னது சரி என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கார்கள் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பட்டறையின் மானமே பள்ளிக்கூட வேன்களில்தான் இருந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முன்னால் வேன்கள் வரிசையாக அங்கே வந்து நிற்கும். அவர் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையசைப்பார். அவர் தலையசைத்தால்தான் வேன் வாசலைத் தாண்டும். அந்தத் தலையசைப்பை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவை மேட்டுச் சாலையில் இறங்கும். அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, அதே பட்டறையில் கூட்டாளி. கைவேலைக்காரன், வாய்ப்பேச்சு குறைவு. வேன்கள் விஷயத்தில் மச்சினன் நட்டு முடுக்குவான், தலையசைக்க மாட்டான். அது மாமாவின் வேலை.

இப்படியிருக்கும்போதுதான் பரணில் அணில் புகுந்தது.

பரண் என்றால் மாடி அறையின் பலகைக் கூரைக்கும் ஓட்டுக்கும் நடுவில் குனிந்துகொண்டு போகிற அளவுக்கு இருக்கும் இடம். பழைய உதிரிப் பாகங்களையெல்லாம், எதற்காவது ஆகும் என்று, அவர் அங்கேதான் ஏற்றி வைத்திருந்தார். அதற்கு நேர்கீழே தையல் மிஷின்.

"ஏங்க, பரண்ல என்னமோ ஓடுது."

"எலியா இருக்கும்."

"எலி இருட்டுல ஓடும். இது நான் காலைல மிஷின்ல உக்காந்ததும் ஓடுது. அணில்."

அவர் அண்ணாந்து பார்த்தார். தலையைச் சாய்த்தார். "ஒண்ணுமில்ல" என்றார். அவருடைய கணக்கு எளிமையானது. அவருக்குக் கேட்கவில்லையென்றால் அது இல்லை.

மறுநாள் மச்சினன் எதற்கோ வீட்டுக்கு வந்தான். மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்தவன், பாதி டம்ளரில் கூரையைப் பார்த்தான். "என்னக்கா, அணில் வளக்கறியா?"

"அக்காவும் தம்பியும் சேர்ந்து எனக்குக் காது குத்தப் பாக்கறீங்களா?" என்றார் அவர். மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா நூலைக் கோத்தாள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

ஆனால் அணில் அவருடைய தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. மூலையில் வைத்திருந்த பஞ்சுமூட்டையில் ஓட்டை விழுந்தது. சிவப்பு நூல்கண்டு ஒன்று நூலை இழந்து வெறும் கட்டையாகக் கிடந்தது. கடைசியில் ஒரு காலைப்பொழுது, கீழே நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த அவரே தன் கண்ணால் பார்த்தார். பக்கத்து மரத்தின் கிளை வழியாக ஓர் அணில் ஓட்டின்மேல் குதித்தது. வாய்நிறையப் பஞ்சு வைத்திருந்தது. ஓரப்பலகை உளுத்து ஓர் ஓடு நழுவியிருந்த சந்துக்குள், சொந்த வீட்டுக்குப் போவதுபோல நுழைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெறும் வாயோடு வெளியே வந்து, வாலை விசிறிக்கொண்டு கிளைக்குத் தாவியது.

"போக்குவரத்து இருக்கு" என்று அவர் ஒத்துக்கொண்டார். கண் பார்த்ததைக் காது மறுக்க முடியாதே.

பட்டறைக்கு விடுமுறை நாளாகப் பார்த்துத் தகரத் துண்டு, திருகாணி, ஏணி எல்லாவற்றையும் எடுத்துவைத்தார். மறுநாள் பள்ளி திறக்கிறது. முந்தின நாள்தான் கடைசி வேனையும் கேட்டுத் தலையசைத்து அனுப்பியிருந்தார். மனசு லேசாக இருந்தது.

"அடைக்கறதுக்கு முன்னாடி உள்ள ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்றாள் மனைவி. "பஞ்சைத் தூக்கிட்டுப் போகுதுன்னா சும்மா தூக்காது."

"பாக்கறது என்ன, கேட்டே சொல்றேன்."

நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தார். தையல் மேசைமேல் ஏறினார். முனையைக் கூரைப் பலகையில் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடி, கையைத் தூக்கினார். மனைவி மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

அப்போது மேலே கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இரண்டு மூன்றாக, பசித்த சத்தம். பிள்ளை பெற்ற யாருக்கும் அது என்னவென்று தெரியும். அவள் வாயைத் திறந்தாள். அவர் கை தூக்கியபடியே இருந்தது. அந்தக் கை தூக்கியிருக்கும்போது அவள் தன் திருமண வாழ்க்கையில் ஒருநாளும் பேசியதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"காலி" என்றார் அவர், கண்ணைத் திறந்து.

பிறகு நடந்தது சுத்தமான வேலை. அணில் வெளியே போனதைப் பார்த்துக்கொண்டு பரண் பலகையைத் தூக்கி மேலே ஏறினார். தவழ்ந்துபோய் ஓரத்தில் உட்கார்ந்து, சந்துக்குத் தகரம் வைத்துத் திருகாணி முடுக்கினார். வெளியே ஏணி போட்டு, நழுவிய ஓட்டைத் தள்ளிச் சரிசெய்தார். எறும்பு நுழைய வேண்டுமென்றாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இறங்கிக் கை கழுவினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது கூரைமேல் தடதடவென்று சத்தம். இது அவருக்கும் கேட்டது. வெளியே போய்ப் பார்த்தார். அணில் தகரம் அடித்த இடத்தில் நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு ஓட்டின் மறுபக்கம் ஓடும். சுற்றிவந்து மறுபடி அதே இடத்தில் முகத்தை வைத்து மோதும். "வீடு போச்சேன்னு கோவம்" என்றார். "ரெண்டு நாள்ல வேற மரம் பாத்துக்கும்." திரும்பி வந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார். அணில் சமையலறை ஜன்னல் கம்பியில் தாவி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது. மனிதர்களைப் பார்த்தும் போகவில்லை. மனைவி சாப்பிடாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

மிஷின் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவர் மேலே போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"உள்ள குட்டி இருக்குங்க. நீங்க அடைச்சதுலேருந்து கத்துது. இப்பவும் கத்துது. என்னால முடியல."

"நான்தான் கேட்டேனே. காலின்னு சொன்னேனே."

"நீங்க கேட்டீங்க" என்றாள் அவள். அவள் அழுதிருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். ஓர் அணிலுக்காக அழுகிற ஆளில்லை அவள்.

அவளுடைய பிரமையைப் போக்கிவிடுவது என்ற முடிவோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினார். கீழேயிருந்து அவள் துணி அளக்கும் கோலால் பலகையைத் தட்டி இடம் காட்டிக்கொண்டே வந்தாள். "இன்னும் போங்க. இன்னும். இங்கதான், நேரா உங்களுக்குக் கீழ." கோல் தட்டிய இடம், காலையில் அவர் உட்கார்ந்து திருகாணி முடுக்கிய இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரம். அங்கே ஒரு பழைய லாரியின் முகப்பு விளக்குக் கிண்ணம் மல்லாந்து கிடந்தது. அதற்குள் பஞ்சு. பஞ்சில் சிவப்பு நூல்.

பஞ்சை விலக்கினார். நாலைந்து குட்டிகள், இன்னும் கண் திறக்காதவை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. டார்ச் வெளிச்சமோ கையின் சூடோ பட்டதும் தலையைத் தூக்கி வாயைத் திறந்தன. கொட்டாவி விடுகின்றன என்று நினைத்தார். வாய் அகலமாகத் திறந்திருந்தது, உள்ளே நாக்குத் துடித்தது, விலா எலும்பு ஏறி இறங்கியது. கொட்டாவி இவ்வளவு நேரம் நீடிக்காது.

"ஐயோ, என்னமா கத்துது" என்றாள் மனைவி கீழேயிருந்து. "அழுத்திடாதீங்க."

அவர் அசையாமல் இருந்தார். பிறகு உள்ளங்கையைக் குவித்து மெதுவாக அவற்றை மூடினார். கைக்குள் ஏதோ நடுங்கியது, சின்ன மோட்டார் ஓடுவதுபோல. சூட்டில் குட்டிகள் அடங்கின. வாய்கள் மூடின.

"இப்ப?" என்றார்.

"இப்ப இல்ல."

கையை எடுத்தார். வாய்கள் திறந்தன.

"இப்ப?"

"கத்துது."

மறுபடி மூடினார். "இப்ப?"

"இல்ல."

பட்டறையில் தினமும் செய்கிற சோதனைதான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, "எரியுதா?" என்பார். பின்னால் நிற்பவர் "எரியுது" என்பார். விளக்கு எரிவது மிதிக்கிறவருக்குத் தெரியாது. சொன்னால்தான் உண்டு. அவர் வாழ்க்கையில் எத்தனையோ வண்டிகளில் அப்படிக் கேட்டிருக்கிறார்.

தகரத்தைக் கழற்றினார். திருகாணிகள் இடுக்கில் உருண்டு விழுந்தன. பொறுக்கவில்லை. வெளிச்சம் உள்ளே வந்ததும் அவர் பின்னால் நகர்வதற்குக்கூடக் காத்திராமல் தாய் அணில் அவருடைய முழங்காலைத் தாண்டி விளக்குக் கிண்ணத்துக்குள் குதித்தது.

பரணிலிருந்து இறங்கும் ஓட்டையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி கீழே நின்று அவர் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாதது இரண்டு பேருக்குமே வசதியாக இருந்தது.

"உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"கெட்டில் கருகின அன்னிலேருந்து."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் கையைத் தூக்கிடறீங்களே" என்றாள் அவள்.

அவர் இறங்கி வந்து ஜன்னல் பக்கம் நின்றார். தாய் அணில் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, அது சுருண்டு கழுத்தைச் சுற்றித் தொங்க, கிளை வழியாக மரத்துக்குப் போனது. திரும்ப வந்தது. இன்னொன்றை எடுத்துப் போனது. இப்படிப்பட்ட வீட்டில் இனி இருக்க முடியாது என்று அது முடிவு செய்துவிட்டது. கடைசிக் குட்டி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சந்துக்கு மறுபடி தகரம் அடிக்க வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு வரவில்லை. வேறொரு நினைப்பு வந்திருந்தது. முந்தின நாள் கடைசி வேன். அதை ஓட்டிப் போனபோது பிரேக்கை மிதித்தார். ஒரு சத்தமும் இல்லை. தலையசைத்தார்.

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் பட்டறையைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நடை ஓட்டமாகியது. அவர் வயதுக்கும் தொப்பைக்கும் ஓட்டம் அழகாக இல்லை. தெருவில் தெரிந்தவர்கள் ஏதோ கேட்டார்கள். இந்தமுறை அவர்கள் முணுமுணுத்ததாக அவர் நினைக்கவில்லை.

மச்சினன் பட்டறைக்குப் பின்னால்தான் குடியிருந்தான். விடுமுறையிலும் சும்மா இருக்கத் தெரியாமல் வாசலில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமா ஓடிவருவதைப் பார்த்து எழுந்து நின்றான்.

"மாப்ள, அந்தக் கடைசி வேன். டிரைவர் வீடு எங்க? நாளைக்கு எடுக்கறதுக்குள்ள நீ ஒருதரம் ஓட்டிப் பாக்கணும். நான் பாத்தது..." மூச்சு வாங்கியது. "நான் பாத்தது பத்தாது. எனக்குக் காது கேக்கல."

சொல்லிவிட்டார். அந்தச் சொற்களைச் சொன்னால் பட்டறை இடிந்து விழும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார் போலும். ஒன்றும் விழவில்லை. மச்சினன் கைத்துணியை மடித்தான், மறுபடி பிரித்தான்.

"நேத்தே பாத்துட்டேன் மாமா."

"என்ன பாத்துட்டே?"

"நீங்க சாப்பிடப் போனதும் எடுத்து ஓட்டினேன். முன்சக்கரத்துல பிரேக் பேடு தேஞ்சிருந்துச்சு. மாத்திட்டுத்தான் அனுப்பினேன்."

அவர் பட்டறைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிள்ளைகள் பிழைத்தார்கள். முதலில் அந்த நிம்மதிதான் வந்தது, உடம்பு முழுவதும். மற்றது அதன் பின்னாலேயே வந்தது.

"மத்த வேனெல்லாம்?"

"பாத்துடுவேன்."

"அந்தப் பாட்டு டீச்சர் கார்?"

"தெருமுனையிலயே நிறுத்திட்டேன். வீட்டுக்குப் போய் மாத்திக் கொடுத்தேன்." பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்போல மச்சினன் தரையைப் பார்த்தான். அவ்வளவு காலமும் காதும் காதும் வைத்தாற்போல நடந்திருக்கிறது. அவர் கண்ணை மூடிக் கையைத் தூக்கித் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார். பின்னால் ஒருத்தன் குனிந்து அதைச் சரிபார்த்திருக்கிறான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ள."

"வர்றவங்கெல்லாம் உங்க காதுக்காகத்தான் வர்றாங்க மாமா. நான் எப்படிச் சொல்றது?"

அவமானமாகத்தான் இருந்தது. அழுகைகூட வந்தது, அடக்கிக்கொண்டார். ஒரு ஸ்பேனரை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார். பிறகு தொழில்காரர் எழுந்துகொண்டார்.

"அது எப்படிச் சத்தம் போட்டுச்சு?"

"எது?"

"வேன் பிரேக். நீ மிதிச்சப்ப."

மச்சினனுக்கு நடித்துக் காட்டிப் பழக்கமில்லை. கூச்சத்தோடு அக்கம்பக்கம் பார்த்தான். பல்லைக் கடித்து, உதட்டைக் காதுவரை இழுத்து, அந்தச் சத்தத்தைத் தொண்டையிலிருந்து கிளப்பினான். உதடு இழுபடுவது அவருக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. அதற்குப் பின்னால் காற்று மாதிரி ஏதோ வந்தது. அவர் தலையைச் சாய்த்து, தன்னையறியாமல் கையைத் தூக்கினார்.

மச்சினன் பழக்கத்தில் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"நிறுத்தாத" என்றார் அவர், கையை இறக்கி. "இன்னொரு தரம்."